டின் வெதருக்கு ஒரு எதிரி

ஷபீரின் மனைவி ஜெய்புன்னிசா மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போனபோது மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஜெய்புன்னிசா இன்னும் வரவில்லை. மகள் ஷஃபானாவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? யாரையும் குறை சொல்ல இடமில்லை. குறை சொல்ல இடமில்லாததுதான் ஷபீருக்குக் கஷ்டமாக இருந்தது.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக்கடை. வயது ஐம்பத்தொன்று. மதியம் கடையை இரண்டு மணி நேரம் சாத்திவிட்டு, மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறிப்போய், காலையில் வடித்த சோற்றைச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு உட்காருவார். பெரும்பாலும் ஒரே தட்டுதான்.

அந்தப் பழக்கம் மாமல்லபுரத்தில் வந்தது. இருபது வயதில், பெரியப்பா மகன் தௌசிஃப் கடற்கரையில் நடத்திய சிலைக்கடையில் ஒரு சீசன் வேலைக்கு நின்றார். ஊருக்குத் திரும்பிய டென்மார்க்காரன் ஒருவன் ஒரு பை நிறைய ராக் இசை கேசட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனான். தௌசிஃப் தூக்கிப் போடப் பார்த்தான், ஷபீர் எடுத்துக்கொண்டார். அதில் கிடைத்ததுதான் 'ஹாலோ ஹார்பர்' என்கிற இங்கிலாந்து இசைக்குழு. அவர்களுடைய முதல் ஐந்து ஆல்பங்களை உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆறாவது ஆல்பம் வருவதற்கு முன் பாடகன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்த நாலு பேர் அவன் இல்லாமலே ஒரு ஆல்பம் போட்டார்கள். பெயர் 'டின் வெதர்'. அதை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஷபீருக்கு அது ஒன்றுதான் பிடித்தது. பின்னால் அதை இசைத்தட்டாகவும் தேடி வாங்கினார்.

சென்னையைச் சுற்றியுள்ள பழைய ராக் ரசிகர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அதில் சேர்ந்த ஷபீர், முதல் வாரமே 'டின் வெதர்' பற்றி நீளமாக எழுதினார். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பரணிதரன் என்ற ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: "பாடகன் ஓடிப்போன ஆல்பம். கல்யாணப் பெண் ஓடிப்போன வீட்டில் பந்தி மட்டும் போட்ட மாதிரி இருக்கும்."

ஷபீர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து பதில் போட்டார்: "பசியோடு வந்தவனுக்குப் பந்திதான் சார் முக்கியம்."

அன்றைக்குத் தொடங்கியது. பரணிதரனுக்கு ஊர் திருப்போரூர், மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதைத் தவிர ஷபீருக்கு எதுவும் தெரியாது. முகப்படத்தில்கூட ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் ஆல்பத்தை வரி வரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு திட்டினார். டிரம்ஸை ஏதோ குளியலறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார். மூன்றாவது பாட்டில் கீபோர்டுக்காரன் தூங்கிவிட்டான் என்றார். அவருடைய பெரிய கோபமெல்லாம் கடைசிப் பாட்டின் மேல்தான். பதினொரு நிமிடப் பாட்டு அது. நடுவில், பாடகன் பாட வேண்டிய இடம் வந்ததும் எல்லா வாத்தியமும் அடங்கி, தாளம் மட்டும் எட்டுச் சுற்று போகும். அந்த இடத்தில் வேறொன்றும் இல்லை.

"முடிக்கத் தெரியாமல் விட்ட ஓட்டை" என்றார் பரணிதரன்.

"ஓட்டை இல்லை சார். போனவனுடைய இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். வேறு ஆளைப் போட்டு அடைக்க அவர்களுக்கு மனசு வரவில்லை" என்று எழுதினார் ஷபீர். எழுதிவிட்டு, கூடத்தில் மடித்து வைத்திருந்த ஜெய்புன்னிசாவின் தொழுகைப் பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு இவர் எழுதினால் இரண்டரைக்குள் அங்கிருந்து பதில் வந்துவிடும். மூன்று வருடம் அப்படியே ஓடியது. பொங்கலுக்குப் பிறகு பதில் நின்றுவிட்டது. இரண்டு தடவை வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார் ஷபீர். சத்தமே இல்லை.

சித்திரை பிறந்ததும் குழுவை நடத்துகிற திவ்யா என்ற பெண் ஒரு அறிவிப்புப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாமல்லபுரத்தில் ஒரு கபேயில் கூடலாம். யாருக்கும் பிடிக்காத, ஆனால் உங்களுக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தைக் கொண்டுவந்து கால் மணி நேரம் அதற்காக வாதாடலாம். ஷபீர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். பரணிதரன் இத்தனை நாள் பேசாமல் இருந்தது இதற்குத்தான், நேரில் வந்து கிழிக்கப் போகிறார் என்று அவருக்குத் தோன்றியது. லென்ஸ் கம்பெனி கொடுத்த நோட்டில் நாலு பக்கம் எழுதினார். நாலு பக்கமும் பரணிதரனுக்குப் பதில்.

தட்டைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். திருக்கழுக்குன்றத்தில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா பாய் அது, போட்டோவா?"

"பாட்டும்மா."

"பாட்டா? பாட்டு எதுக்கு இம்மாம் பெருசா கீது?" என்று அவள் சிரித்தாள். ஷபீரும் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கபே ஒரு மாடியில் இருந்தது. பதினாலு பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் முப்பது வயதுக்காரர்கள். ஷபீர் நரைத்த தலையைத் தேடினார். ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்தில் போய், "பரணிதரன் சாரா?" என்று கேட்டார். அவர் கபே முதலாளி.

ஷபீரின் முறை வந்தது. நோட்டைப் பிரித்தார். "இத கல்யாணப் பொண்ணு ஓடிப்போன பந்தின்னு சிலபேரு சொல்றாங்க..." என்று ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. டிரம்ஸ் பதிவைப் பற்றிப் பேசினார், மூன்றாவது பாட்டுக் கீபோர்டைப் பற்றிப் பேசினார். எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கடைசிப் பாட்டைப் போட்டார். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இரண்டு பேர் போனில் கடலைப் படம் பிடித்தார்கள். எட்டுச் சுற்று வந்து போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஷபீரே கேட்டார். "நடுவுல ஒண்ணுமே இல்லாம உட்டுக்கீறாங்களே, அது தப்புன்னு யாருக்குமே தோணலையா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு ஓகேதான் அங்கிள். வைப் நல்லா இருந்துச்சு" என்றாள் ஒரு பெண். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு முன்னால் பேசியவனுக்கும் அதே அளவுதான் தட்டியிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஆளே இல்லாமல் கயிறு இழுத்தவன் மாதிரி இருந்தது ஷபீருக்கு. நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சம் இருந்தது.

கிளம்பும்போது திவ்யாவிடம் கேட்டார். "பரணிதரன் சார் ஏன்மா வரல?"

"உங்களுக்குத் தெரியாதா அங்கிள்? அவருக்கு ஒரு காது சுத்தமா போயிடுச்சு. பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் காலையில எழுந்தாரு, கேக்கல. இனிமே பாட்டே வேணாம்னு சொல்லிட்டாரு." நம்பரைக் கொடுத்தாள்.

ஷபீர் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஜெய்புன்னிசா. திரையில் பேத்தியின் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு அவள் முகம்.

"என்னாங்க, கடல் சத்தம் கேக்குது? எங்க கீறீங்க?"

"மாமல்லபுரம்."

"தனியாவா? அங்க எதுக்கு?"

"சும்மாதான்." பதினாலு பேருக்கு முன்னால் நின்று பேசியதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார்.

"ஷஃபானாக்கு டியூட்டி மாத்திட்டாங்களாம். பக்ரீத் தாண்டிப் பாக்கலாம்ன்றா" என்றாள் ஜெய்புன்னிசா. சொல்லிவிட்டு, "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். சாப்பிடுவதாகச் சொன்னார். குழந்தை போனைப் பிடுங்கியது, இணைப்பு போய்விட்டது.

திவ்யா கொடுத்த நம்பரை அழுத்தினார்.

"யாரு? சத்தமா பேசுங்க."

"செங்கல்பட்டு ஷபீர் சார்."

"எந்த ஷபீர்? மீட்டர் ஷபீரா?"

"இல்ல சார்... டின் வெதர்."

அந்தப் பக்கம் ஒரு கனத்த சிரிப்பு. "அட பாய்! இன்னிக்குத்தான கூட்டம்? ஜெயிச்சீங்களா?"

"எதுத்துப் பேச ஒருத்தரும் இல்ல சார். எல்லாரும் நல்லா கீதுன்னுட்டாங்க."

"அப்ப தோத்துட்டீங்கன்னு அர்த்தம்" என்றார் பரணிதரன்.

"வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சிட்டு உங்க வூட்டுக்கு வரட்டா சார்?"

"வாங்க. ஆனா பாட்டு கேக்கச் சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை அவர் தட்டை எடுத்துக்கொண்டுதான் போனார். கதவைத் திறந்த அம்மாளின் பெயர் சம்பூர்ணம், பரணிதரனின் மனைவி. தலையணை உறையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "நாலு மாசமா அந்தப் பாட்டுப் பெட்டியத் தொடவே இல்ல. நீங்களாச்சும் சண்ட போட்டுத் தொட வைங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

பரணிதரன் ஷபீர் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியான, கூன் விழுந்த மனிதர். பேசும்போது வலது காதை முன்னால் கொண்டுவந்து கேட்டார். "எப்பவும் ஹெட்போன்லதான் கேப்பேன் பாய். இப்ப மாட்டினா பாதிதான் வருது. இந்த ஆல்பத்துல கிடாரு பூரா எடது காதுலதான் வரும், எனக்குப் போனதும் அதுதான். அது இல்லாம கேட்டா, முன்னாடியே மோசம், இப்ப சொல்லவே வேணாம்."

"திருப்பி மாட்டிக்கோங்க சார்."

"என்ன?"

"எடப்பக்கத்த வலது காதுல மாட்டுங்க. கடைக்கு வர்றவங்கள நான் ஒவ்வொரு கண்ணா மூடித்தான் பாப்பேன். ரெண்டையும் ஒண்ணா பாத்தா கொறை தெரியாது. ஒரு தடவ இந்தப் பக்கம் கேளுங்க, இன்னொரு தடவ அந்தப் பக்கம் கேளுங்க. ரெண்டு தடவ திட்டலாம்."

பரணிதரன் அவரை முறைத்தார். பிறகு எழுந்து பெட்டியின் மேல் கிடந்த துணியை எடுத்தார்.

கடைசிப் பாட்டை மட்டும் போட்டார்கள். முதலில் வழக்கமான பக்கம். பதினொரு நிமிடமும் பரணிதரன் உதட்டைச் சுழித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. தட்டு சுழல்வது மட்டும் தெரிந்தது. பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஷபீர் மனசுக்குள் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். எட்டுச் சுற்று வர வேண்டிய நேரத்தில் பரணிதரன் கையை உயர்த்தினார்.

"பாய். இங்க எவனோ பாடறான்."

"அங்க ஒண்ணும் இல்ல சார். அதுக்குத்தான நாம மூணு வருசமா..."

"சத்தியமா பாடறான்யா. வாங்க, கேளுங்க."

முள்ளைப் பின்னால் நகர்த்தி வைத்தார். ஷபீர் ஹெட்போனை வாங்கி, இடப்பக்கத்தை மட்டும் காதில் அழுத்திக்கொண்டார். தாளம் எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்கும் அடியில், மைக்குக்கு எட்டாத தூரத்தில், ஒரு மனிதன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வார்த்தை இல்லை. கிடார்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். போனவன் பாடியிருக்க வேண்டிய மெட்டை, வாசிக்காமல் காத்திருந்த அந்த நேரத்தில், தனக்குள்ளே பாடியிருக்கிறான். பதிவாகிறது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது தடவையும் போட்டுக் கேட்ட பிறகுதான் ஷபீர் ஹெட்போனைக் கழற்றினார். கண் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருசமா கேக்குறேன் சார். எனக்குக் கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல. காது போன பிறகு கேட்டிருக்கு பாருங்க" என்றார் பரணிதரன். "எடத்தக் காலியா உட்டாங்க, காலியா உட்டாங்கன்னு மூணு வருசமா எழுதினீங்களே. காலியா இல்ல. நீங்க சொன்னது தப்பு."

"நீங்களும் ஓட்டைன்னுதான சொன்னீங்க? அதுவும் தப்புதான்."

பரணிதரன் யோசித்தார். "ஆனா சுருதி சேரல பாய். அந்த ஆளு பேசாம இருந்திருக்கலாம். ஆல்பம் இப்பவும் குப்பைதான்."

"இன்னா சார் இப்டி சொல்றீங்க!" என்று ஷபீர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சம்பூர்ணம் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. அவள் வந்து அதை எடுத்துப் போய் மறுபடியும் சுடவைத்துக் கொடுத்தாள்.

மாலை ஆறு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறினார். முருகன் கோயிலுக்கு வந்து திரும்புகிற கூட்டம். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கேட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் ஆளில்லை. குழுவில் எழுதலாம் என்று போனை எடுத்தார். எழுதினால் நல்லா இருக்கு என்பார்கள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஊர் தாண்டி, மனை போட்டு வைத்த வெற்று நிலங்களுக்கு நடுவே பஸ் போய்க்கொண்டிருந்தது. அவரை அறியாமலே அந்த மெட்டு வாயில் வந்துவிட்டது. சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஷபீர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போகும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார்.