இரவல் ஸ்பீக்கர்கள்

தலைநகரில், லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸ் உண்டு. கம்யூனிட்டி ஹாலில் ஜமக்காளங்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பஞ்சாபி, பெங்காலி, தமிழ் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டுக்காரர்களும் ஆடுவார்கள். ஏற்பாடெல்லாம் இரண்டாவது பிளாக் மிஸஸ் பல்லா. பாட்டுப் போடுவது வேதாந்தம்.

வேதாந்தத்துக்கு விவசாய இலாகாவில், கிருஷி பவனில் கிளார்க் உத்தியோகம். பாட்டுப் போடுவதற்குக் காலணா வாங்க மாட்டார். அவரிடம் இருந்த சாமான்கள் எல்லாம் அவரே கூட்டிச் சேர்த்தவை. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து, சல்லிசாகக் கிடைத்த பாகங்களை வாங்கி வந்து, ராத்திரி சாப்பாடு ஆனதும் ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் புகையில் உட்கார்ந்து ஓர் ஆம்ப்ளிஃபையரைக் கட்டியிருந்தார். ஸ்பீக்கர்கள் ஏதோ ஒரு மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் வந்தவை. ஆபீஸ் இடம் மாறியபோது மிஞ்சிய பெட்டிப் பலகைகளால் அவற்றுக்குக் கூடு செய்து, முன்பக்கத்துக்கு மனைவி வத்சலாவின் பழைய காட்டன் புடவையைக் கிழித்து ஒட்டியிருந்தார். இரண்டு பழைய ரெக்கார்ட் பிளேயர்கள், நடுவில் திருகுகள் வைத்த ஒரு தகரப் பெட்டி. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை உள்ளே கொண்டுவர அந்தப் பெட்டி. அதற்கு மிக்ஸர் என்று பெயர் என்று அவர் சொன்னபோது, கொறிக்கக் கிடைக்குமா என்று வத்சலா கேட்டாள்.

பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் ஹால் முழுக்கக் கேட்கும். டான்ஸ் முடிந்து போகிறபோது யாராவது ஒருவர் மேஜைக்கு வந்து, "அச்சா தா, வேதாந்தம்ஜி" என்று சொல்லிவிட்டுப் போவார். நன்றாக இருந்தது என்கிற அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு மாதம் முழுவதும் ஓடிவிடும்.

இப்படி இருக்கையில்தான் சேஷு பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்தான். கல்யாணமாகாத பையன், நல்ல சிரிப்பு. அவன் வீட்டில் ஒரு ஜப்பான் செட் இருந்தது. வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஓர் ஆம்ப்ளிஃபையர், அதன்மேல் கேசட் டெக், பாட்டுக்கேற்ப ஏறி இறங்குகிற சிவப்புப் புள்ளி விளக்குகள். ஆசியாட் விளையாட்டுப் போட்டி முடிந்து கலர் டிவி வந்த புதிது அது. வெளிநாட்டுச் சாமான் என்றால் ஜனங்கள் வாசற்படியில் நின்றாவது பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஹோலிக்குப் பிந்திய டான்ஸில் சேஷு அந்தச் செட்டைக் கொண்டுவந்தான். கொஞ்ச நேரம் அதில் போட்டுப் பார்க்கலாமே என்றார் மிஸஸ் பல்லா. கொஞ்ச நேரம் என்பது கடைசிவரை ஆயிற்று. ஊசி கரகரக்கவில்லை, தட்டை மாற்ற வேண்டியதில்லை. குழந்தைகள் விளக்கைப் பார்க்க மேஜையை மொய்த்தார்கள். வேதாந்தம் தன் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு வைத்தார். ஒருவரும் அவரிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. சேஷு மட்டும் வந்து, "மாமா, உங்க கலெக்‌ஷன் நன்னா இருக்கு" என்றான். நாற்பது தாண்டியவரை அந்த ஊரில் அதுவரை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை.

அன்று ஆரம்பித்தது அவருக்கு வயிற்றெரிச்சல். ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் சிவப்பு விளக்கு ஏறி இறங்கியது. பஸ்ஸில் நிற்கும்போது, அந்தப் பையனுக்கு ஒரு கம்பியைச் சீவிச் சேர்க்கத் தெரியுமா, பட்டனை அமுக்குகிறவனெல்லாம் பாட்டுப் போடுகிறவனா என்று மனசுக்குள்ளேயே வழக்காடினார். சேஷுவின் சிரிப்பு, அவன் மடித்துவிட்ட சட்டைக் கை, எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள் வத்சலா ரசம் பரிமாறிக்கொண்டே, அந்தப் பையன் போட்ட பாட்டு தெளிவாகக் கேட்டது, வார்த்தைகூடப் புரிந்தது என்று யதார்த்தமாகச் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை அலம்பிவிட்டார்.

ஆனால் செட்டில் ஒரு குறை இருந்தது. அதனுடைய ஸ்பீக்கர்கள் வீட்டுக் கூடத்துக்குச் சரி; ஹாலில் ஜனங்கள் காலைத் தட்டி ஆடத் தொடங்கினால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. மிஸஸ் பல்லா ஒரு வழி சொன்னார்: சேஷுவின் செட், வேதாந்தத்தின் ஸ்பீக்கர் பெட்டிகள். இரண்டையும் சேர்த்தால் போயிற்று.

கேட்க வந்த சேஷு வாசலிலேயே தயங்கி நின்றான். வேதாந்தம் உடனே சரி என்றுவிட்டார். வத்சலாவுக்கே ஆச்சரியம். பையனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

அவர் சரி என்றதற்குக் காரணம் வேறு. போன டான்ஸன்றே, யாரும் கவனிக்காதபோது செட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தார். அதில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதியிருந்தது. அவருடைய பெட்டிகள் அதற்கு மேல் இழுக்கும். அவர் கட்டிய ஆம்ப்ளிஃபையர் அந்தப் பெட்டிகளுக்கென்றே கட்டியது, முரட்டு ஜீவன், தாங்கும். ஜப்பான் செட்டோ, மெதுவாக வைத்தால் தப்பிக்கும். ஹால் நிறைய வேண்டுமென்று திருகினால் உள்ளே சூடேறி வெந்துபோகும். பெட்டிக்குள் ஒரு கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் சேர்த்தால் போதும், ஆபத்தில்லை. காபி ஆறுவதற்குள் செய்துவிடக்கூடிய வேலை.

அவர் செய்யவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்து, மாடிப்படி இறக்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்தது. பாட்டுப் போடுகிற வேலை இல்லாமல் வேதாந்தம் ஹாலுக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வத்சலா மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷமும் அவள் பெண்களோடு ஓரத்தில் நின்று கைதட்டுவாள், இரண்டு அடி வைப்பாள். மேஜைக்குப் பின்னால் இருந்து அவர் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இன்று அவள் நேராக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்காவது வாங்கோ. உங்களுக்குத்தான் வேலை இல்லையே."

அவர் போனார். முதலில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. மிஸஸ் பல்லா சொல்லிக்கொடுத்த அடியை வத்சலா மெதுவாக வைத்துக் காட்டினாள். முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, ஒரு திருப்பம். அவருடைய பெட்டிகளிலிருந்து, அவர் கேட்டே இராத அளவு சுத்தமாகப் பாட்டு வந்தது. தாளம் மார்பில் வந்து மோதியது. தன் பெட்டிக்குள் இத்தனை சத்தம் ஒளிந்திருந்ததா என்று நினைத்தார். நினைத்த கையோடு, அதை வெளியே கொண்டுவந்தது தன் ஆம்ப்ளிஃபையர் இல்லை என்பதும் உறைத்தது.

ஜனம் சேரச் சேர, சேஷு திருகிக்கொண்டே போனான். ஒரு கட்டத்தில் வேதாந்தத்தின் காதில் அது விழுந்தது. பாடுகிறவளின் குரல் உச்சத்துக்குப் போகும்போது ஓரத்தில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்டிராது. சூடேற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போதே போய்ச் சொல்லலாம். அவர் சொல்லவில்லை. இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்தார். வத்சலா நெற்றி வியர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதை நிறுத்த வேண்டுமா என்று ஒரு பக்கம். மேஜைக்குப் பின்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவனின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த பாட்டில் அந்தக் கிழிசல் இன்னும் தடித்தது. வேதாந்தம் ஆடுவதை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்கே அது தெரியவில்லை. வத்சலா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"ஏன்னா, அதுக்கு ஏதாவது ஆகப்போறதா?"

அவர் கண்ணை மேஜையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"தெரிஞ்சுண்டேதான் பெட்டியைக் குடுத்தேளா?"

வத்சலா அவர் கையை விட்டாள். கோபமாக உதறவில்லை, கடையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்து வேண்டாமென்று வைப்பதைப் போல விட்டாள்.

வேதாந்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். வால்யூமைக் குறை, செட்டை அணைத்துக் கொஞ்சம் ஆறவிடு என்றார். சேஷு அவரைப் பார்த்துச் சிரித்தான். மாமாவுக்கு இந்த மேஜையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்று எண்ணிய சிரிப்பு அது. அப்படி எண்ணியதில் தப்பும் இல்லை.

"இப்பதான் மாமா களை கட்டறது" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் திருகினான்.

டப்பென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. அரக்கு கருகுகிற வாடை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள்.

வேதாந்தத்துக்குள் ஒரு நினைப்பு ஓடியது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து மாட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் அடி எடுத்து வைப்பதற்குள் மிஸஸ் பல்லா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டோலக் மத்தளத்தை வரவழைத்துவிட்டார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பூனால் அதன் கட்டையில் தட்டி ஒரு கல்யாணப் பாட்டை எடுத்தார். பெண்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட பலமாகவே. வத்சலா வட்டத்துக்கு நடுவே போய்விட்டாள். செட்டையும் யாரும் கேட்கவில்லை, ஆம்ப்ளிஃபையரையும் யாரும் கேட்கவில்லை.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சேஷு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக இருந்த செட்டின்மேல் கையை வைத்தபடி இருந்தான். அவன் முகம் தொங்கித்தான் போயிருந்தது. வேதாந்தம் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"மாமா, இது என்னோடது இல்ல" என்றான் சேஷு. "எங்க அத்திம்பேர் குவைத்லேர்ந்து கொண்டுவந்தது. மெட்ராஸ்ல வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சுக்கோன்னு குடுத்தா. வெளில எடுத்துண்டு வர்றேன்னு அக்காகிட்டகூடச் சொல்லலை. புது ஊர். யாரையும் தெரியாது. இதை வச்சாவது நாலு பேர் பேசுவாளேன்னு பார்த்தேன்."

டோலக் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்தவரை போதுமாக இருந்தது.

"பெட்டியைக் குடுக்கறப்பவே எனக்குத் தெரியும், இது தாங்காதுன்னு" என்றார் வேதாந்தம். "ஒரு கம்பி மாத்தியிருந்தா போதும். வேணும்னுதான் மாத்தலை."

சேஷு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான், கத்துவான் என்று வேதாந்தம் காத்திருந்தார்.

"அப்ப சரி பண்ணவும் தெரியுமோ?" என்று கேட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வத்சலா அவருக்கு முன்னால் நடந்தாள். ராத்திரி மோர் சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சேஷுவும் அவரும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனார்கள். கருகிப்போன பாகங்களுக்குச் சரியான ஜோடி கிடைக்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு சர்தார்ஜி உள்ளேயிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வேதாந்தம் செட்டைத் திறந்தார். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல், வகிடெடுத்து வாரிய தலை மாதிரி இருந்தன. எவனோ முகம் தெரியாத ஜப்பான்காரன்மேல்கூட அவருக்குப் பொறாமை வந்தது.

சேஷு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எது எதற்கு என்று கேட்டான். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவர், போகப்போக விளக்கமாகச் சொன்னார். கடைசியில் பெட்டிக்குள் அந்தக் கம்பியையும் மாற்றிச் சேர்த்துவிட்டு செட்டைப் போட்டார். பாடுகிறவள் மூச்சு எடுப்பதுகூட அறைக்குள் கேட்டது. சேஷு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேதாந்தம் சால்டரிங் கம்பியைக் கையில் பிடித்தபடி, இத்தனை வருஷ உழைப்பில் தன்னால் ஒரு மூச்சைக்கூடக் கேட்க வைக்க முடியவில்லையே என்று நினைத்தார். எரிச்சல் போயிருக்கும் என்று எண்ணியிருந்தார். அது அங்கேயேதான் இருந்தது.

கோடை விடுமுறையில் அத்திம்பேர் வந்து செட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு நேர்ந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அடுத்த டான்ஸுக்கு வேதாந்தத்தின் பழைய சாமான்களே மேஜை ஏறின. முதல் அரைமணி அவர்தான் போட்டார். வத்சலா வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். சேஷு மேஜைப் பக்கமே நின்றுகொண்டிருந்தான்; உதவி வேண்டுமா என்று கேட்கத் துணிவில்லை.

"செத்த நேரம் பாத்துக்கறயா?" என்றார் வேதாந்தம்.

அவர் கூட்டத்துக்குள் போனார். வத்சலா தள்ளி நின்று இடம் விட்டாள். சிரிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சேஷு வைத்த முதல் பாட்டுக்கே ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். அந்த ரெக்கார்டு வெகு நாளாக அவரிடம் இருக்கிறது. ஒருநாள்கூட அவர் அதைப் போட்டதில்லை. அவர் தலை தானாக மேஜைப் பக்கம் திரும்பியது.

"அங்க என்ன பார்வை?" என்றாள் வத்சலா. "காலை எடுங்கோ, மிதிக்கறேள்."

வேதாந்தம் காலை எடுத்துக்கொண்டு, தப்பான தாளத்தில் அடுத்த அடியை வைத்தார்.