இவ பேசற மாதிரியே

இந்த வார்த்தை இங்கே எப்படி வந்தது? நான்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லையே.

கணிதத் துறை அறையில் மேடம் கணினித் திரையைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் முன்னால், கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு மாணவியின் பார்வையாக, எதிரே உட்கார்ந்திருந்த அவள் பேச வேண்டும். பேச்சை எழுதும் சிரமத்தைக்கூட அவளுக்கு வைக்கவில்லை. வகுப்பே பாடத்தில் சந்தேகம் கேட்கும், கல்லூரி கொடுத்த செயற்கை நுண்ணறிவுச் செயலியே எழுதிக் கொடுத்துவிட்டது.

"கேளு. 'கணக்கைக் கண்டாலே எனக்குத் தலைப்பூட்டு விழுந்துவிடும். அதைத் திறந்த சாவி இந்தச் செயலி.' தலைப்பூட்டாம்! என்னமா ஒரு வார்த்தை கண்டுபிடிச்சிருக்கு பாரேன். நமக்கெல்லாம் தோணுமா?"

சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

அது அக்காவின் சொல். தெரிந்த விடைகூடக் கேள்வித்தாளைப் பார்த்ததும் மறந்துபோகுமே, அதற்கு அக்கா வைத்த பெயர். வீட்டுக்கு வெளியே ஒரே இடத்தில்தான் அது போயிருக்கிறது. நுண்கணிதம் பிடிபடாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்த ஒருநாள் அதைச் செயலியில் எழுதினாள். 'பதறாதே, நிதானமாகப் பார்ப்போம்' என்று அது பதில் சொன்ன இதத்தில், ரகசியமும் காக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

வேறென்ன எழுதித் தொலைத்தோம்? அம்மாவின் தூக்க மாத்திரை பற்றி. அப்பா பேசாமலிருந்த வாரம் பற்றி. அப்புறம், ஐயோ, 'எங்க மேடம் போர்டோடதான் பேசுவாங்க, எங்களோட இல்ல.'

மேடத்தின் முகத்தைக் கண்ணால் துழாவினாள். படித்துவிட்டுத் தெரியாத மாதிரி இருக்கிறாரா? கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் பிடிபடவில்லை.

"மேடம், நாங்க அதுல எழுதறது உங்களுக்கு வருமா?"

"எல்லாம் வராதும்மா. யார் எதுல வீக்குன்னு சுருக்கமா வரும். உங்க நல்லதுக்குத்தான்."

"அப்ப இந்தப் பேச்சு?"

"உன் பதிவு எண்ணைக் குடுத்து, இவ பேசற மாதிரியே எழுதுன்னேன். அச்சு அசலா நீதான், இல்ல?"

வாசலில் காத்திருந்த தோழி தலையை நீட்டினாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஒத்துக்கடி. கிளி மாதிரி ஒப்பிச்சுட்டு வா. வருஷம் பூரா அதைத்தானே பண்றோம்!"

மேடமே சிரித்துவிட்டார்.

பேச்சில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் சிக்கல். செயலி சொல்லிக்கொடுத்துத்தான் நுண்கணிதத்தில் தேறினாள். நன்றிகூட இருக்கிறது. ஆனால் நாளை இதைப் படித்தால், முன்வரிசையில் மிரண்டு உட்கார்ந்திருக்கும் புதுப்பெண் ஒருத்தி அன்றைக்கே போய்த் தன் மனதில் இருப்பதையெல்லாம் அதனிடம் கொட்டுவாள். கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று அவளுக்கு யார் சொல்வது?

"மேடம், நான் பேசலை."

"மேடை பயமா? நீ ரெண்டு வரி மாத்திக்க."

"பயமில்ல மேடம். வேண்டாம்."

மேடத்தின் சிரிப்பு வடிந்தது. "பிரின்சிபல்கிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் சிபாரிசுக் கடிதத்துக்கு என்கிட்டதான் வந்து நிப்ப, ஞாபகமிருக்கா?"

இருந்தது. மேற்படிப்புக்கு அந்தக் கடிதம் இல்லாமல் முடியாது என்பதும் தெரிந்திருந்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தாள். ரேடியோ நீட்டிய தலையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

மேடம் பெருமூச்சுவிட்டுத் திரையை அணைத்தார். "என்னமோ போ. ஏன் முடியாதுன்னு காரணத்தையாவது அந்தச் செயலியில எழுதிப் போட்டுடு. நான் பாத்துக்கறேன்."

அவள் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளினாள்.

"அதுவும் எழுத மாட்டேன் மேடம்" என்றாள், மெதுவாக.