கல்ஃபானின் பிக்கப்புக்கு நான்கு டயர்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது முக்கால் மணி நேரம். மிச்சம் நான் சேர்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கேட்க வேண்டாம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு வேலையை விட்டுவிட்டு, பாலைவன ஓரத்து ஊரான பிதியாவில் அண்ணனின் டயர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் தார் முடிந்து மணல் தொடங்கும்.

நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “பொன்னிற மணல்மேடுகள் அலையலையாக…” அடித்துவிட்டேன். இங்கே யாரும் மணலைப் பார்ப்பதில்லை. டயரைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது: “பார்வையற்ற கல்ஃபான் தன் மனைவி நஸ்ராவின் கையைப் பிடித்தபடி…” இதுவும் பொய். அவருக்கு ஒரு கண் தெரியும், மங்கலாக. முழுக் குருடாக்கினால் உங்களுக்குச் சுலபமாக இரக்கம் வரும் என்று நினைத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கிற ஆளில்லை. கடைக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

“எங்கடா உங்கண்ணன்? தூங்குறானா, டயருக்குள்ள விழுந்துட்டானா?”

2

கண் மங்கியதால் போன வருஷம் அவருடைய ஓட்டுநர் உரிமம் போனது. அதிலிருந்து நஸ்ராதான் பிக்கப்பை ஓட்டுகிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள், பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு, மணலுக்குள் நிற்கும் பதினோரு ஒட்டகங்களிடம் போவாள். பழைய டயர் நான்கும் மொட்டையாகிவிட்டன.

கல்ஃபான் வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். பெரிய பதினெட்டு அங்குல ரிம், பத்து அடுக்குக் கனத்த டயர். அங்கே கை நின்றது.

“இதப் போடு தம்பி. முள்ளு குத்தாது, கல்லு கிழிக்காது.”

இங்கத்துப் பெண்கள் அணியும் முகமூடியை நஸ்ரா சரிசெய்தாள். “கல்லா? நம்ம ஒட்டகம் கல்லு மேலயா நிக்குது?”

“டயரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“ஒரு வருஷமா அதுமேலதான உக்காந்திருக்கேன்.”

(இதை அடிக்குறிப்பாக வாசியுங்கள். மணலுக்குள் போகுமுன் டயரில் பாதிக் காற்றை இறக்குவோம். மெல்லிய டயர் சப்பையாகி, ஒட்டகத்தின் பாதம்போல விரிந்து மணல்மேல் போகும். ரிம் சின்னதானால் ரப்பர் உயரமாக இருக்கும், நன்றாக விரியும். பெரிய ரிம்மில் மாட்டிய கனத்த டயர் விரியாது, தோண்டிக்கொண்டு இறங்கும். இங்கே ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.)

3

இங்கேதான் கல்ஃபான்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வருஷம் மணலில் ஓட்டிய மனிதர் ஏன் அந்த டயரைக் கேட்கிறார்? வயதாகி மறந்துவிட்டார் என்று எழுதினேன். அடித்தேன். ரிம்மின் பளபளப்பில் மயங்கினார் என்று எழுதினேன். மனிதருக்குப் பளபளப்பே தெரியாது. வீம்பு என்று எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன்.

நஸ்ரா எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் அந்த டயரின் பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். எழுந்தாள்.

“ஹமூத் அப்பா, இந்த டயரோட உள்ள போனா மொத மேட்டுலயே பொதைஞ்சிருவேன். ஒங்களுக்குத் தெரியும்தான?”

மகன் பெயரைச் சேர்த்து அழைத்தால் விஷயம் பெரிது.

“தெரியும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போகாத. ஒட்டகத்த வித்துரலாம். தார் ரோட்டுல ஓட்டு. ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போ.”

“இத வீட்டுலயே சொல்றதுக்கென்ன? டயர்கிட்ட சொல்லி அனுப்புறீங்க!”

“அங்க ஃபோனு எடுக்காது நஸ்ரா. முன்னன்னா நான் வந்து தோண்டியிருப்பேன். இப்ப யாரு வருவா? நானா? எந்த மேடுன்னே தெரியாதே எனக்கு.”

(இந்த இடத்தில், அன்பு என்பது சில சமயம் – வேண்டாம்.)

நஸ்ரா கட்டைவிரலில் ஒட்டிய டயர் கரியைத் துடைத்தாள். பிறகு, “போன மாசம் ரெண்டு தடவ பொதைஞ்சேன். நானே தோண்டிட்டு வந்தேன்” என்றாள்.

“ரெண்டா?”

“மூணு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா இந்த மாதிரி டயர் வாங்குவீங்கன்னுதான்.”

நான் சிரித்துவிட்டேன். “நீ ஒன் வேலையப் பாருடா” என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

4

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

கனத்த டயர் போகிறது, ஒட்டகம் விற்றுப்போகிறது, நஸ்ரா தார் ரோட்டில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். நிறைய வீட்டில் நடந்ததுதான். எழுதக் கை வரவில்லை.

மெல்லிய டயர், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இது கடை விளம்பரம்.

முன்னால் இரண்டு மெல்லியது, பின்னால் இரண்டு கனத்தது. எழுதுகிறவனுக்குத்தான் இப்படித் தோன்றும். அண்ணன் கேட்டால் உதைப்பான்.

நடந்தது இது. கல்ஃபான் அந்தப் பெரிய ரிம்மிலிருந்து கையை எடுத்தார். “பதினாறு அங்குலமே போடு. மெல்லிசு.” பிறகு அவளைப் பார்த்து, “ஆனா தனியா போகக்கூடாது.”

“அப்ப கூட வாங்க.”

“எங்க உக்கார?”

“பக்கத்து சீட்டு சும்மாதான கெடக்கு. தண்ணித் தொட்டிக்குள்ளயா உக்காரப் போறீங்க?”

(முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்: நஸ்ரா பிக்கப்பில் வந்தாள். அவர் வீட்டிலிருந்து நடந்து வந்தார். உரிமம் போனதிலிருந்து அந்த வண்டியில் அவர் ஏறியதே இல்லை.)

நான்கையும் மாட்டினேன். காற்றை இறக்கினேன். நஸ்ரா ஏறி வண்டியைக் கிளப்பினாள். இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம்; கல்ஃபான் வலப்பக்கக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் கூப்பிடவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை.

நான் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன், வேண்டுமென்றேதான். காற்று இறங்கிய டயர் ஒரு ஆள் ஏறினால் ஒரு விரல் அகலம் பிதுங்கும். வலப்பக்க டயர் என் முகத்துக்கு நேரேதான் இருந்தது.

நான் ஸ்பானரைப் பார்த்தேன். டயரை நீங்கள் பாருங்கள்.