ஆராதனை முடியட்டும்

"ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிட்டேன்..."

"யாரக் கேட்டுச் சொன்னீங்க அண்ணி? மொத மணி அடிச்சாச்சு, சனங்க வர ஆரம்பிச்சி..."

"வரட்டும்! வந்து பாக்கட்டும்! கோயிலுக்கும் வீட்டுக்கும் ஒரே கேட்டுதானே, நல்லாத் தெரியும்!"

"மெதுவாப் பேசுங்க."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? மெதுவாப் பேசிப் பேசித்தான் என் தங்கச்சிய இந்த நெலையில கொண்டாந்து போட்டிருக்கீங்க."

போதகர் அங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தானுக்குத் துளை மிஞ்சவில்லை. எங்கேயோ ஒன்று மாறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டிலில் அவர் மனைவி சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. அவளுடைய அக்கா வெளியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். நேற்று மத்தியானம் வந்து இறங்கியவள், இந்த வீட்டில் இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"டாக்டர் நேத்தே என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா. "பொழைக்க வைக்கலாம்னு யாரும் சொல்லல தம்பி. அங்க கொண்டு போனா வலி தெரியாம ஊசி போடுவாங்க. அவ்வளவுதான். வலியில்லாமச் சாகறதுக்கும் உங்க கமிட்டில தீர்மானம் போடணுமா?"

"அவதான் வேண்டாங்கறா."

"அவ வேண்டாங்கறாளா, நீங்க வேண்டாங்கறீங்களா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அக்கா... ஆராதனை முடியட்டும்." நடுவில் ஒரு மூச்சு வாங்கினாள். "பதினோரு மணிக்கு வரச் சொல்லு."

போதகருக்கு அந்தக் குரல் கைகொடுத்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம்தானே அண்ணி," என்றார். சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். அவர் பிறந்த ஊர் இதுதான். இதே ஆலயத்தில் அவருடைய அப்பா மணியடிப்பவராக இருந்தார். பாதி நாள் நேரம் தப்பி அடிப்பார், மீதி நாள் கயிற்றைப் பிடித்தபடியே தூங்குவார். குடி. ஒன்றரை வருஷத்துக்கு முன் மாற்றல் உத்தரவு சொந்த ஊருக்கே வந்தபோது மனைவி, "வேண்டாங்க, வேற ஊர் கேட்டு எழுதிப் போடுங்க" என்றாள். அவர் எழுதவில்லை. அப்பா தள்ளாடி நின்ற வாசலில் ஒரு நாளாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

முதல் ஞாயிறே பின்வரிசையில் ஒருவர், "நம்ம ஒட்டடைக்கம்புக்கு அங்கி தச்சவன் யாருப்பா? நீளத்துக்கே துணி தீந்திருக்குமே" என்றார். சின்ன வயதுப் பட்டப்பெயர். சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது.

அந்த வருஷமே அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று தடவை ஏற்றியதும் எடுத்த படத்தில் கட்டியைக் காணவில்லை. அடுத்த ஞாயிறே அவளை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார். "ஐயா ஜெபம் பண்ணினாங்க, கர்த்தர் கட்டியக் கரைச்சிட்டாரு," என்றாள். மருந்து ஏற்றியதை அவள் சொல்லவில்லை. விட்டுப்போனதை அவரும் எடுத்துச் சொல்லவில்லை. அன்றோடு ஒட்டடைக்கம்பு ஒழிந்து, எல்லார் வாயிலும் 'ஐயா' வந்தது. வெளியே நாற்காலி போடும் அளவுக்குக் கூட்டம்.

பொய் என்று சொல்ல முடியாது. அவர் நம்பினார். முழங்கால் தேய ஜெபித்தவர்தான். நம்பியதில் அவசரப்பட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அவளிடம் ஒன்று கேட்டார்: "சாட்சி சொல்லிட்டு, ஆஸ்பத்திரி வரிசையில போய் உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" வெறும் கேள்விதான். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். நாலாவது தடவைக்குப் போகவில்லை. வலி திரும்பி வந்ததையும் சொல்லவில்லை. சாட்சி சொன்ன வாயால் எப்படிச் சொல்வாள்?

"சபையில ஒரு வயசானவங்களுக்கு முதுகுவலின்னு சொல்லிப் போன்ல வலி மாத்திரை கேப்பா," என்றபடி அக்கா திரும்பி வந்தாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. "நானும் அட்டை அட்டையா அனுப்பிட்டிருந்தேன். இருவது வருஷமாக் கடை நடத்தறேன். எந்தக் கெழவிக்கு ஆறு மாசம் அந்த மாத்திரை வேணும்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல எனக்கு."

இரண்டாம் மணி அடித்தது.

"போங்க," என்றாள் மனைவி. "பெட்டியப் போட்டுட்டுப் போங்க."

தலைமாட்டில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. ஆலயத்து மைக்கிலிருந்து சுவரோடு கம்பி இழுத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அவள் படுக்கையிலிருந்தேதான் ஆராதனை கேட்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம், சளி என்று சொல்லியிருந்தார்கள். அவர் திருகினார். யாரோ மைக்கை ஊதிப் பார்க்கும் சத்தம் அறைக்குள் வந்தது.

குனிந்து, "ஜெபம் பண்ணட்டுமா?" என்றார்.

"அங்க பண்ணுங்க. இங்க கேக்கும்."

பாட்டு, ஜெபம், வாசிப்பு. எல்லாம் வாய்ப்பழக்கத்தில் நடந்தது. சாட்சி நேரத்தில் சலவைக்கடைக்காரம்மா எழுந்து முன்னால் வந்து மைக்கைப் பிடித்தார். தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை.

"எனக்கு நெஞ்சுல கட்டின்னு சொன்னாங்க. நாளான்னிக்குச் செவ்வாக்கெழம ஆபரேசன்னு தேதியும் குடுத்தாங்க. வீட்ல எல்லாரும் போ போன்னுதான் சொல்றாங்க. நான் போகப்போறதில்ல. நம்ம பாஸ்டரம்மாவப் பாருங்க. கத்தி இல்ல, ரத்தம் இல்ல. அவங்க சாட்சி எனக்குப் போதும்."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றார் போதகர்.

யாருடைய குரல் அது? அவருடையதுதான். முப்பது வருஷமாக ஒவ்வொரு சாட்சிக்கும் பின்னால் தானாக வரும் குரல். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. அந்தம்மா நிம்மதியாகப் போய் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார்.

"பொறுங்க," என்றார் போதகர்.

மைக் கொஞ்சம் கிறீச்சிட்டது. இங்கே சொல்வதெல்லாம் அங்கே தலைமாட்டில் விழும். அது தெரிந்துதான் வாயைத் திறந்தார்.

"அவளுக்குச் சரியாகல. படத்துல கட்டி தெரியாம இருந்தது நெஜம். ஆனா அது மூணு தடவ மருந்து ஏத்தினதுக்கப்புறம். மிச்ச மூணுக்கு நான் அவளப் போகவிடல. போகாதேன்னு சொல்லல... போக முடியாதபடி பண்ணிட்டேன். உங்க முன்னால நான் பெரியவனா நிக்கணும்னு அவள எழுப்பி நிறுத்தினேன். இப்ப அந்த ரூம்ல செத்துட்டிருக்கா. வெளிய கொண்டு போனா நீங்க பாத்துடுவீங்கன்னு, ஆராதனை முடியட்டும்னு படுத்திருக்கா."

பின்வரிசையில் ஒரு குழந்தை எதையோ கேட்க, அதன் வாயைப் பொத்தினார்கள்.

சலவைக்கடைக்காரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அப்போ நான், ஐயா?" என்றார்.

"செவ்வாக்கெழம போங்கம்மா. காலைலயே போங்க. ஆறு தடவ வரச் சொன்னா ஆறு தடவையும் போங்க."

"அப்போ ஜெபம்?"

மைக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். நடுவழியில் இரு பக்கமும் முகங்கள் இருந்தன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆலயத்துக்கும் வீட்டுக்கும் நாற்பது அடி இருக்கும். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் அப்படி ஓடி அந்த ஊர் பார்த்து நாற்பது வருஷம் இருக்கும்.

அக்கா கட்டிலின் கால்மாட்டில், தங்கையின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருவிரலால் உள்ளங்காலை அழுத்தி அழுத்தி நீவிக்கொண்டிருந்தாள். இவர் உள்ளே வந்ததற்கும் நீவுவது நிற்கவில்லை.

மனைவியின் முகம் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தது. திரும்பினாளா, அக்கா திருப்பி வைத்தாளா என்று தெரியவில்லை. கண்கள் மூடப்பட்டிருந்தன.

"அண்ணி?"

"போயிட்டா."

"எப்போ?"

"நீங்க பேசிட்டிருந்தப்ப."

பெட்டிக்குள் நாற்காலிகள் இழுபடும் சத்தம். கசகசவென்று பல குரல்கள். யாரோ ஒருவர், "மைக்க அணைங்கப்பா மொதல்ல," என்றார். ஒரு கரகரப்புக்குப் பிறகு பெட்டி அடங்கியது.

போதகர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"நான் மொதல்ல ஸ்தோத்திரம்னுதான் சொன்னேன் அண்ணி. அப்புறம்தான் மத்தது." அவர் அக்காவின் முகத்தையே பார்த்தார். "அவ எது வரைக்கும் கேட்டா?"