வந்துருமுங்க

இரண்டாம் அலை ஊரடங்கில் கிளாடிஸுக்குக் கோவை உக்கடம் பெரியகுளமே கடலாகிவிட்டது. ஜன்னலோரம் அமர்ந்து பம்பு கம்பெனியின் ஏற்றுமதி வேலையைப் பார்ப்பாள். பேருந்துச் சத்தமில்லாத மதியங்களில் மறுகரை யாழ்ப்பாணம் போலத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கம்பெனியின் பம்புகளை விற்கும் கடைக்காரர் தர்மகுலசிங்கம் வாரம் ஒருமுறை அழைப்பார். "உங்கட நாட்டுத் தடுப்பூசி எப்ப வரும், தங்கச்சி?"

இலங்கைக்கு ஊசி கொடுப்பதில் முந்துவது இந்தியாவா சீனாவா என்று டி.வி.யில் கத்திக்கொண்டிருந்தார்கள். தில்லி கிளாடிஸைக் கேட்டா அனுப்புகிறது? ஆனாலும் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "வந்துருமுங்க" என்பாள். பிறகு கண்ணயர்ந்தால், குளத்தில் வெள்ளைத் தடுப்பூசிப் பெட்டிகள் வாத்துகளைப் போல வரிசையாகத் தெற்கே மிதந்து போகும்.

ஜூன் கடைசியில் அவர் அழைத்தார். "சீன ஊசி போட்டிட்டன். பம்பும் அவங்களே தாறாங்களாம். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை." கொஞ்சம் தயங்கினார். "ஒண்டு கேக்கிறன். உங்கட ஊரில 'வந்துருமுங்க' எண்டால் வராது எண்டுதானே அர்த்தம்?"

கிளாடிஸ் பதறிப்போய்க் குளத்தைப் பார்த்தாள். ஒரு பெட்டிகூட இல்லை.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா," என்றாள். "வந்துருமுங்க."