மைசூருக்குப் போன வீடு

மொய்னுதீன் பாய் குடும்பத்தோடு மைசூர் அரண்மனை பார்க்கப் போகிறார் என்பது ஒரு மாதமாகத் தெருவுக்கே தெரியும். தலையணைக்குப் பஞ்சு கேட்டு அவருடைய மெத்தைக் கடைக்கு வந்தவர்கள் யாரும் மைசூரைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனையில் ஒரு லட்சம் பல்பு ஒரே நேரத்தில் எரியுமாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவாராம். பஞ்சை அமுக்கிக்கொண்டே சொல்வார். எதிர்க்கடை ஜியாவுல்லா காது கேட்கும்படி சிரிப்பார்.

"போளூரத் தாண்டாத மனுஷன் மைசூரு போறாராம்பா. ராஜா கிட்ட சொல்லி வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

"சிரி பாய், சிரி. திங்கக்கெழம மைசூர்பாகு வாங்கறப்போ நீ மூஞ்ச எங்க வெச்சிக்கறேன்னு பாக்கறேன்" என்பார் மொய்னுதீன்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் குலாம் ரசூலின் அம்பாசிடர் வாசலுக்கு வந்தபோது தெருவில் பாதிப் பேர் எழுந்து வந்திருந்தார்கள். பயணம் போகிறவர்களின் புஜத்தில் பச்சைத் துணியில் காசு முடிந்து கட்டுவது வழக்கம். இமாம் ஜாமின் என்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அதை அவிழ்த்து ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வருக்கும் கட்டினார்கள். மொய்னுதீன், மனைவி குர்ஷித் பேகம், மூத்தவள் ஜாஹிரா, ஏழு வயது முன்னி. எதிர்வீட்டுப் பாஞ்சாலை தன் பங்குக்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்தாள். "வூட்டப் பத்தின கவலையே வாணாம். நானு பாத்துக்கறேன். ஒரு பூனைய உள்ள வுட மாட்டேன்" என்றாள்.

ஜாஹிரா மட்டும் வண்டியில் ஏறாமல் பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பள்ளிக்கூடத்துலேர்ந்து யாராச்சும் வந்தா மறக்காம கேட்டு வெச்சிக்கங்க."

"எத்தினி வாட்டி சொல்லுவ? போ புள்ள."

வேலூரில் ஆசிரியைப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. சேர்க்கை முடிந்து, காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலில் நின்றது. யாராவது ஒருத்தி வராமல் போனால் இடம் அவளுக்கு. தகவல் வந்தால் ஆள் அனுப்புவதாக, அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். போன வருஷம் விண்ணப்பமே போடவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்த மூன்று மாதமாக வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தது.

செங்கம் தாண்டி சிங்காரப்பேட்டை வருவதற்குள் வண்டி ஒரு முறை உறுமியது, பிறகு நின்றுவிட்டது. குலாம் ரசூல் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தார்.

"கியர் பாக்ஸ் போச்சி பாய். சாமான் கிருஷ்ணகிரிலேர்ந்து வரணும். மூணு நாளு ஆவும்."

புளியமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். மொய்னுதீன் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று குர்ஷித் சொன்னதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"பஸ்ஸுல போயி? ஜியாவுல்லா பஸ் ஸ்டாண்டுலயே நின்னு மால போடுவான்."

"அதுக்கு? மூணு நாளு மரத்தடியிலயா இருக்க முடியும்?"

"வூட்டுல இருப்போம்" என்றார் மொய்னுதீன் மெதுவாக. "பின்பக்கமா போயி இருப்போம். முன்பக்கம் பூட்டு தொங்கட்டும். ஞாயித்துக்கெழம குலாம் ரசூல் வண்டியக் கொண்டாந்தா, திங்கக்கெழம விடிகாலையில அதுல ஏறி வாசல்ல எறங்கிடலாம். எவனுக்குத் தெரியப் போவுது?"

அவர் விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் ஜாஹிரா நினைத்தாள்.

சாயங்காலம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கிடைத்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஊருக்கு வெளியே ரமணாசிரமத்துக்கு முன்னாலேயே இறங்கி, வயல் வரப்பும் சந்துமாகச் சுற்றி நடந்தார்கள். வெறுங்காலோடு எதிரே வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முன்னியைப் பார்த்துச் சிரித்தாள். எந்தத் தேசத்திலிருந்தோ இந்த மலையைத் தேடி வந்தவள். அவள் ஒருத்திதான் அவர்களைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியபோது கொல்லைக் கதவு வழியாகத் தங்கள் வீட்டுக்குள்ளேயே திருடர்களைப் போல நுழைந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீடு இருட்டாகவே விடிந்தது. ஜன்னல் திறக்கக் கூடாது. அடுப்பு பற்ற வைத்தால் புகை காட்டிக் கொடுக்கும் என்பதால், வழிக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் என்பதால் குடத்திலிருந்த தண்ணீரோடு சரி. இருமல் வந்தால் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்து இரும வேண்டும். மெத்தைக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மெத்தைகள் இருட்டில் அசையாமல் நிற்கும் யானைகள் போல ஜாஹிராவுக்குத் தோன்றின.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பாஞ்சாலை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெண். காலையிலேயே ஒரு முறம் மல்லாட்டையோடு வந்து அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தோல் உடைகிற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

மொய்னுதீன் ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தை, கூரை ஓட்டின் கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சத்தில் பிரித்து வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாகப் பாடம் நடத்தினார்.

"முன்னி, அரண்மனைக்குள்ள போறதுக்கு முன்னாடி என்ன செஞ்சோம்?"

"செருப்பக் கழட்டினோம்."

"மலை மேல என்ன பாத்தோம்?"

"பெரிய மாடு."

"மாடு இல்ல, நந்தி. நம்ம ஊரு கோயில்ல இருக்கற நந்தியவிடப் பெரிசா?"

முன்னி அம்மாவைப் பார்த்தாள். "நம்ம ஊரு கோயிலுக்குள்ள நான் போனதே இல்லியே" என்றாள். குர்ஷித் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ராஜா வூட்டு சமையக்கட்டு எப்படி இருந்துச்சின்னு என்னைக் கேப்பாங்களே. அடுப்பு எரியலன்னு சொல்லிடறேன்" என்றாள்.

நால்வர் புஜத்திலும் பச்சைத் துணி அப்படியே இருந்தது. அவிழ்ப்பதானால் எங்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஜும்மா தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மொய்னுதீன் அனிச்சையாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கதவு வரை போய், நின்றார். தெருவில் ஆண்கள் பேசிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போகும் காலடிச் சத்தம். ஜியாவுல்லாவின் குரல் தனியாகக் கேட்டது: "மொய்னு பாய் இன்னேரம் மைசூர்ல தொழுதுட்டு இருப்பாரு." அந்தச் சத்தம் தேய்ந்து போகும் வரை கதவருகிலேயே நின்றவர், திரும்பி வந்து ஜாஹிராவின் பக்கத்தில் பாயை விரித்தார்.

"பயணத்துல இருக்கறவங்களுக்கு ரெண்டு ரக்அத் தானேங்க?" என்று குர்ஷித் கேட்டாள். பரிகாசமில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"நாலு" என்றார் அவர். "அல்லாகிட்டயுமா மைசூர்னு சொல்றது?"

பயணிக்குப் பாதியாகக் குறையும் தொழுகையை, நாலு ரக்அத்தும் குறைக்காமல், நிறுத்தி நிதானமாகத் தொழுதார். முடித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது ஜாஹிராவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"இது மெத்தக்கட பாய் வூடுதானே?"

பள்ளிக்கூடத்துப் பியூன் கருப்பனின் குரல். ஜாஹிரா எழுந்து நின்றாள். கதவுக்கும் அவளுக்கும் நாலடி தூரம்.

"ஆமா. ஆனா வூட்ல யாருமில்ல" என்றாள் பாஞ்சாலை. "எல்லாரும் மைசூர் போயிருக்காங்க. இன்னா சேதி?"

"அடக் கடவுளே. அந்தப் பொண்ணுக்கு எடம் வந்திருக்குதும்மா. வேலூர்ல ஒருத்தி சேரல. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள சர்டிபிகேட்டோட அங்க நிக்கணும். பெரிய டீச்சரம்மா கையெழுத்துப் போட்டு லெட்டரே குடுத்தனுப்பிட்டாங்க."

"ஐயையோ. திங்கக்கெழம விடிகாலையிலதான் வருவாங்க. தந்தி கிந்தி அடிக்க முடியாதா?"

"எந்த அட்ரஸுக்கு அடிக்கறது? ராஜா அரண்மனைன்னா?"

"நாளு தள்ளிப் போடச் சொல்லக் கூடாதா?"

"யாரு கேப்பா? இது இல்லன்னா அடுத்த பேரு. கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்குது. மூணு மணி பஸ்ஸப் புடிச்சா அதுங்கிட்டயாச்சும் சொல்லிடலாம்."

மொய்னுதீன் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. அவர் கை ஜாஹிராவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை இல்லை, இல்லை என்று அசைத்தார். அதட்டல் இல்லை, கெஞ்சல். அப்பாவின் முகத்தை இத்தனை அருகில் அவள் பார்த்ததே இல்லை.

"அடுத்த வருஷம்மா" என்றார் காதோடு. "அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப வாயத் தொறந்தா நான் இந்தத் தெருவுல நடக்க முடியாது. கட தொறக்க முடியாது."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. பாஞ்சாலை, "பாவம், எத்தினி வாட்டி சொல்லிட்டுப் போச்சி அந்தப் புள்ள" என்று யாருக்கோ போலச் சொல்லிக்கொண்டாள்.

ஜாஹிரா அம்மாவைப் பார்த்தாள். குர்ஷித் முன்னியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, எதையோ தீர்மானித்தவள் போல, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். 

"அண்ணே!" ஜாஹிராவின் குரல் அவளுக்கே அந்நியமாக வெளியே வந்தது. "அண்ணே, போவாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

முறம் உருண்டு விழுந்தது. "ஐயோ, வூட்டுக்குள்ள யாரோ!" என்று பாஞ்சாலை அலறினாள்.

"நான்தாங்க்கா. ஜாஹிரா."

"ஜாஹிராவா? நீ மைசூர்ல இல்ல?"

"இல்லக்கா."

"அப்ப பாயி?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

 அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. காலடிகள் வந்தன. எங்கே, எப்படி, நேத்து நானே கையாட்டினேனே, பூட்டு தொங்குதே என்று தெரு முழுக்கப் பேச்சு எழும்பியது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் இரண்டு மூன்று பேரிடம் தாவியது.

"கதவத் தெற புள்ள" என்றாள் பாஞ்சாலை.

"வெளிய பூட்டியிருக்குதேக்கா."

"சாவி?"

ஜாஹிரா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மொய்னுதீன் அவள் மணிக்கட்டை எப்போதோ விட்டிருந்தார். சட்டைப் பையில் கைவிட்டு, சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கொல்லைக் கதவு இருப்பது யாருக்கும் நினைவு வரவில்லை. பிறகு ஜன்னலின் ஒரு கதவை ஒரு சாண் அளவு திறந்து, முகம் தெரியாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையை மட்டும் கம்பிகளுக்கு வெளியே நீட்டினார். புஜத்தில் பச்சைத் துணி கட்டிய கை. சிரிப்பு நின்றுவிட்டது. பாஞ்சாலைதான் வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கருப்பன் கடிதத்தை நீட்டினார்.

"பெத்தவங்க ஒருத்தர் கூட வரணும்மா. அங்க கையெழுத்துப் போடணும்."

குர்ஷித் புர்காவைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை வந்தாள். "எனக்கு உருதுலதான் கையெழுத்துப் போட வரும். செல்லுமா?"

"பேஷாச் செல்லும்மா."

ஜியாவுல்லா படியேறி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேலி எல்லாம் அவரிடம் இருந்திருக்கும். அதில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. "பாய், வெளிய வாங்க பாய். ஒரு டீ சாப்பிட்டு வரலாம்" என்றார்.  இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் அடுப்பு எரிந்தது. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. மொய்னுதீன் மெத்தை அடுக்குக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜாஹிரா தட்டில் சோறு வைத்தாள். எடுக்கும்போது பாதி குறைந்திருந்தது. அவள், "வண்டி கெட்டதுக்கு நீங்க என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது தகரப் பெட்டி திறந்திருந்தது. அவளுடைய சான்றிதழ்கள் வரிசையாக அடுக்கி, புதுத் தலையணை உறை ஒன்றில் சுற்றி, பெட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தன. அப்பா மறுபடி தன் இடத்துக்குப் போய்ப் படுத்திருந்தார்.

முன்னியைப் பாஞ்சாலை கூட்டிக்கொண்டு போனாள். குர்ஷித் தெருவில் இறங்கி நின்றாள். ஜாஹிரா கடைசியாக வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்களும் வாங்கப்பா. அங்க உங்களுக்குத்தான் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"நான் திங்கக்கெழம விடிகாலையிலதான் வருவேன்" என்றார் மொய்னுதீன், சுவரைப் பார்த்தபடியே.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சேப்பா."

"தெரியட்டும். நீ பூட்டிட்டுப் போ."

"கொல்லக் கதவு இருக்குது. எப்ப வேணும்னாலும்..."

"முன்னாடி பூட்டிட்டுப் போம்மா" என்றார். 

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பாஞ்சாலை சட்டென்று குனிந்து, ஏற்கெனவே போட்ட புள்ளிகளையே மறுபடி போடத் தொடங்கினாள். தெருமுனையிலிருந்து அம்மா, "ஜாஹிரா, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று கூப்பிட்டாள். ஜாஹிரா கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டினாள். உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் வராமல் பூட்டத்தான் முயன்றாள். அந்தப் பூட்டுக்கு அப்படிப் பூட்டத் தெரியவில்லை.