பதினொன்று நாற்பதுக்குக் கேட்ட போன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை மறைத்துப் பயனில்லை, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதிலும் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ராணுவத்தைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி அளந்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் போர் விளையாட்டுச் சங்கத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரமே, "சார், ஒரு நூறு டைகர் டாங்கி இறக்கினா மேஜை பார்க்க எப்படி இருக்கும்!" என்பார்கள். நான் ஆரம்பித்துவிடுவேன். போர் முடியும்வரை அந்த டாங்கி செய்ததே மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அதிலும் பல பழுதாகிப் பட்டறையில் நின்றன. நூறு வேண்டுமாம், நூறு! ஒரு காலாட்படை டிவிஷனில் இருந்தது குதிரை ஐயா, ஐயாயிரம் குதிரை. பீரங்கியை இழுத்தது குதிரை, ரொட்டி வண்டியை இழுத்தது குதிரை. சினிமாவில் வருவதுபோல ஆளாளுக்கு இயந்திரத் துப்பாக்கியும் கிடையாது. பத்துப் பேருக்கு ஒன்று இருக்கும். மற்றவர்கள் அதற்குக் குண்டு சுமந்தார்கள், கையில் பழைய ரைபிள் வைத்திருந்தார்கள்.

நான் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கடைக்காரர் தராசில் ஐந்து கிராம் கூடக் குறைய இருந்தால் விடமாட்டேன். சங்கத்தில் என் பெயரே தராசுதான்.

விளையாட்டு என்றால் ஏதோ சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். நடு அறையில் பெரிய மேஜை. அதன்மேல் காடு, ஆறு, பாலம், விரல் நீளத்துக்குச் சிப்பாய்கள். இந்தப் பக்கத்து அறையில் ஒரு தளபதியும் அவர் ஆட்களும், அந்தப் பக்கத்து அறையில் எதிரிகள். இருவருமே மேஜையைப் பார்க்க முடியாது. கையில் ஒரு வரைபடம் மட்டும் இருக்கும். என்ன நடக்கிறது என்று நடுவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார். நடுவர் நான்.

நான் கொண்டுவந்த விதிதான் எல்லோருக்கும் தலைவலி. செய்தி உடனே போய்ச் சேராது. பீரங்கிக் குண்டு விழுந்தால் டெலிபோன் கம்பி அறுந்துவிடும். அப்புறம் ஓட்டக்காரன் கையில்தான் சீட்டுப் போகும், அரை மணியோ ஒரு மணியோ ஆகும். ஜெர்மன்காரர்களின் போர்முறையைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தளபதி பாதி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் நிஜம். அந்த இருட்டை உண்டாக்கத்தான் செல்போன்களை வாங்கி வைக்க ஆரம்பித்தேன். ஒருமுறை சங்கத்திலிருக்கிற ஒரு பல் டாக்டர் பக்கத்து அறைக்குச் செய்தி அனுப்பி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு எல்லாப் போனையும் சத்தத்தை அணைத்து ஒரு தகர டப்பாவில் போட்டு, படிக்கட்டு ஓரத்து அலமாரியில் பூட்டிவிடுவேன். நடுவருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று பேச்சு வரக்கூடாது என்று என் போனையும் போட்டுவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

என் தங்கையின் கணவனும் இந்தச் சங்கத்தில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. பிறகுதான் எனக்கு மாப்பிள்ளை ஆனான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். என் தங்கைக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் குதிரைகளுக்கு வர்ணம் பூசியவள் அவள்தான். கடைகளில் டாங்கி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், குதிரை கிடைக்காது. இருநூறு குதிரை வார்த்து அவளிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து, நூல் தடிமன் தூரிகையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கிழவனாகிட்டீங்க, இன்னும் பொம்மைக்கு அழுறீங்க. ஏண்ணா, இந்தக் குதிரைக்குப் பல்லு விளக்கி விடணுமா?" என்பாள். ஒரு குதிரைகூட இன்னொன்று மாதிரி இருக்காது. அவளைப்போல ஒரு வேலையைச் சிரித்துக்கொண்டே சுத்தமாகச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், பனிக்காலத்தில் ஒரு டிவிஷன் பின்வாங்கி ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்பது. மாப்பிள்ளைதான் தளபதி, எதிர்த் தரப்பில் பல் டாக்டர். பதினோரு மணிக்கே பல் டாக்டரின் பீரங்கி அவன் டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டது. பதினொன்று நாற்பதுக்கு நான் ஒரு சீட்டோடு உள்ளே போனேன்.

"மச்சான், என் போன ஒரு நிமிஷம் எடுத்துக் குடு" என்றான்.

"எதுக்கு?"

"காலைல கிளம்பறப்ப அவ நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குதுன்னா. என்னமோ மனசு சரியில்ல. எப்படி இருக்கான்னு கேட்டுட்டு வச்சிடறேன்."

"உன் கம்பி அறுந்து நாப்பது நிமிஷம் ஆச்சு மாப்ள. அந்தத் தளபதிக்கு எவன் போன் குடுத்தான்?"

"விளையாடாத. அவ உன் தங்கச்சி."

"அதனாலதான் சொல்றேன். நெஞ்சு கரிச்சா ஒரு டம்ளர் சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுத்துருவா. எனக்குத் தெரியாததா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுச் சீட்டைப் படிக்க ஆரம்பித்தான். நான் வெளியே வந்து என் நடுவர் குறிப்பேட்டில் எழுதினேன்: "11.40. தளபதி போன் கேட்டார். மறுக்கப்பட்டது." அப்படி எழுதியபோது என் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆட்டம் முடிந்தது. டப்பாவைத் திறந்தேன். என் போனில் ஏழு தவறிய அழைப்புகள், எல்லாம் என் தங்கையிடமிருந்து. முதலாவது பதினொன்று பதினெட்டு. கடைசி பன்னிரண்டு ஐந்து. மாப்பிள்ளை தன் போனைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கா, பன்னண்டு இருபதுக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. படியிறங்கி ஓடிக் காரில் ஏறினோம்.

காரில் கேட்டான், "உனக்கு ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். யோசித்துப் பேசிய பேச்சல்ல அது. வாய் முந்திக்கொண்டது.

அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். போன் கையருகே இருந்தது. மாப்பிள்ளை அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பிறகு அவள் போனை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் போனை அவளுக்கு வாங்கிச் சரிசெய்து கொடுத்ததே நான்தான், திறக்கிற எண் எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் காரில் தனியாகப் போகும்போது, ஒரு சிக்னலில் நின்று, அவள் போனின் அழைப்புப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்த ஏழு வரிகளையும் அழித்தேன். தராசில் ஐந்து கிராமுக்காகக் கடைக்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் நான். என் தங்கையின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிர் பன்னிரண்டரை வாக்கிலேயே போயிருக்கும் என்றார். பதிவுக்காக, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நான் பையிலிருந்து போனை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவன் பார்த்துச் சொன்னான், பன்னிரண்டு இருபது. டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இது சட்டுனு முடிஞ்சிருக்கு. நீங்க வீட்லயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனுக்காகத்தான் அழித்தேன் என்று சில நாள் எனக்கே காதில் பூ சுற்றிக்கொண்டேன். பொய். எனக்காகத்தான் அழித்தேன்.

நான்கு மாதம் நான் சங்கத்துப் பக்கம் போகவில்லை. அவன் கடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை போவேன். இருவரும் அதிகம் பேசமாட்டோம். போன வியாழக்கிழமை மத்தியானம் போனபோது, ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காதைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டே சொன்னான், "உன் குறிப்பேடு இருக்கா மச்சான்? அன்னிக்கு எழுதினது?"

பையில்தான் இருந்தது. நான்கு மாதமாகப் பையை விட்டு இறங்கவில்லை. "எதுக்கு?" என்றேன்.

"பல் டாக்டர் சொல்லித் திரியறாரு, தராசு தன் தங்கச்சியையே கொன்னுட்டான்னு. நான் போன் கேட்டதும் நீ குடுக்காததும் எல்லாருக்கும் தெரியுமே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் எழுந்து பேசப் போறேன்."

"வேண்டாம், விடு."

"என்ன விடு? குடு இங்க." வாங்கிப் பக்கத்தைத் தேடி எடுத்தான். விரல் வைத்துப் படித்தான். "பாத்தியா, பதினொன்னு நாப்பது. உன் கையெழுத்து. அவ கூப்பிட்டது பன்னண்டு இருபது. நடுவுல நாப்பது நிமிஷம் இருக்கு. நீ அப்பவே போன் குடுத்திருந்தாலும், 'நல்லாத்தான் இருக்கேன், நீங்க விளையாடுங்க'ன்னுதான் சொல்லியிருப்பா. இத அப்படியே வாசிச்சுக் காட்டிட்டு, இனிமே எவனாவது பேசினான்னா பாரு." அவன் என் தோளைத் தட்டினான். "நீ ஏன் இப்படி இளைச்சுப் போற? உன் மேல ஒரு தப்பும் இல்ல மச்சான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். ஒரு பொய்க் கணக்கை ஊரார் முன்னால் எழுந்து வாசிக்கப்போகிறான், அதுவும் என்னைக் காப்பாற்ற. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சொன்ன தப்பைத் திருத்தியே பழகியவனுக்கு அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவ முதல்ல கூப்பிட்டது பதினொன்னு பதினெட்டுக்கு" என்றேன். "எனக்கு. ஏழு தடவ. கார்ல நீ கேட்டப்ப எதுவும் வரலன்னு பொய் சொன்னேன். அவ போன்ல இருந்தத நான்தான் அழிச்சேன்."

அவன் சட்டத்தைக் கீழே வைத்தான். சுவரில் எழுத்துகள் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போன் கேட்டப்ப எத்தன தடவ வந்திருந்துச்சு?"

"நாலு."

"நாலு" என்றான். பிறகு, "ஏன் என்னக் கூப்பிடல?" என்று கேட்டான்.

"நீ ஆட்டத்துல இருப்ப, கெடுக்க வேண்டாம்னு நெனச்சிருப்பா. நடுவர்னா சும்மாதானே நிப்பான், எடுப்பான்னு நெனச்சிருப்பா." அவள் அப்படித்தான் நினைத்திருப்பாள். வேறு எப்படியும் நினைக்கத் தெரியாதவள்.

அப்போது பார்த்து ஒரு வயதான அம்மா கண்ணாடி வாங்க வந்தார்கள். அவன் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, அவர்கள் காதில் மாட்டி, மூக்கில் அழுந்துகிறதா என்று கேட்டான். அட்டையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னான். அவர்கள் திக்கித் திக்கிப் படித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

குறிப்பேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினான். "பதினொன்னு நாப்பதுக்குக் கிளம்பியிருந்தா பன்னண்டுக்கு வீடு. பன்னண்டே காலுக்கு ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிருக்கலாம்."

"ஆமா."

"டாக்டர் சொன்னாரே, நீங்க வீட்லயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு. நாலு மாசமா அதத்தான் மச்சான் சொல்லிக்கிட்டு படுக்கறேன். அதச் சொன்னாத்தான் கண்ணு மூடுது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

நான் குறிப்பேட்டை எடுத்துப் பையில் போட்டேன்.

"இனிமே நான் எதச் சொல்லிக்கிட்டுத் தூங்கட்டும்?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதற்கு விடை எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டான்.